நிழலற்ற பூங்கா யாருக்கு?

தட்டாஞ்சாவடியிலிருந்து ஒரு குடும்பம் கோடையில் புதுவைக் கடற்கரைக்குப் புறப்படுகிறதென்றால், அஸர் தொழுகைக்குப் பின்னரே புறப்படுகிறது. பகலில் அங்கே நிற்க இயலாது. கல் தரை, கருங்கல் கரை, தலைக்கு மேல் வெயில். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளைத் தடுத்து அச்சாலையை மக்களுக்கு விட்டிருப்பதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பகற்பொழுதை யாருக்கு விட்டார்கள்? வெயிலுக்கல்லவா!

"உப்புக்காற்றில் மரம் நிற்காது" என்பர் சிலர். நெய்தல் நிலத்துக்குப் புன்னையையும் தாழையையும் உரிமையாக்கிய தமிழரிடமா இந்தப் பேச்சு? புன்னையும் பூவரசும் கடற்காற்றிலேயே தழைப்பவை.

வளைகுடா சென்று திரும்பிய நம் பிள்ளைகளோ அபுதாபி, தோஹா கடலோரங்களின் பசும்புல்லைப் புகழ்கின்றனர். அதுபோல் இங்கும் வேண்டும் என்கின்றனர். அங்கே கழிவுநீரைச் சுத்திகரித்து ஓயாமல் பாய்ச்சுவதால்தான் அந்தப் புல் பிழைக்கிறது. பாய்ச்சல் நின்றால் கருகிவிடும். பசுமையாக இருக்கும்போதும் ஒருவருக்கும் நிழல் தராது. அந்தப் பாலைக்கு உரிய மரம் 'காஃப்'. அது வேறொன்றுமன்று, நம் நாட்டு வன்னியே! ஆழ வேரோடி வறட்சியைத் தாங்குவது. 2019-ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடிய ஐக்கிய அரபு அமீரகம் அம்மரத்தையே சின்னமாக ஏற்றது. கடன் வாங்குவதானால் புல்லையன்று, இந்த அறிவையே வாங்க வேண்டும்.

கிரானடாவின் அல்ஹம்ராவை எழுப்பிய நம் முன்னோர் நீரைக் குறுகிய வாய்க்கால்களில் அளந்து ஓடவிட்டனர். நம் நகரின் பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபமும் நீரின் நினைவுச்சின்னமே. தட்டாஞ்சாவடிக்கு அதிகத் தொலைவில்லாத முத்திரையர்பாளையத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகருக்குக் குடிநீர் வந்ததை அது நினைவூட்டுகிறது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டியவள் என்று கதை போற்றும் ஒரு பெண்ணின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

மக்கள் நடக்கும் பாதையையும் ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். நிழல் பொதுச்சொத்து என்பதன்றோ இதன் பொருள்? அதைக் கெடுப்பவனே கண்டனத்துக்குரியவனென்றால், அதை வெட்டி அகற்றுபவனை என்னென்பது? இக்கேள்வி அதிகாரிகளுக்கு மட்டுமன்று. பள்ளிவாசல் முற்றத்து வேம்பை வெட்டிச் சிமெண்டு பூசிவிட்டு, உள்ளே குளிர்சாதனம் வாங்க வசூல் செய்யும் நமக்கும் உரியது.

ஆகவே நாம் கேட்பது மிக எளிது. கடலோரமாயினும் ஏரிக்கரையாயினும், நீரூற்றுக்கும் வண்ணவிளக்குக்கும் முன்னால் மரவரிசை வரட்டும். காற்றை மறிக்காமல் அடிமரம் உயர்ந்து நிற்கும் மரங்கள், அவற்றின் கீழ் இருக்கைகள், குடிநீர், பெண்களுக்குத் தூய கழிப்பிடம். புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளுக்கு நம் ஜமாஅத்துகள் இதை எழுதிக் கொடுக்கட்டும். எழுதுமுன் தத்தம் பள்ளி முற்றத்தில் ஒரு கன்றை நடட்டும். நட்ட மரத்தின் பயன் பிறருக்குச் சேரும் வரை அது தர்மம் என்பதை நாம் அறியாதவரல்லர்.