பழனி மலைக்கு சட்டம் எழுதுறது யாரு?



லீவுக்குப் போறவங்களுக்கு கொடைக்கானல்னா ஏரி, தூண் பாறை, சாக்லேட். பழனி மலையிலேயே பிறந்து வளர்ந்த பளியர் மக்களுக்கு அது வீடு. தேன் எடுக்கிற பாறையும், கிழங்கு தோண்டுற காடும், சாமி கும்பிடுற இடமும் அங்கேதான். அந்தக் காட்டில் யார் நுழையலாம், எதை எடுக்கலாம், எதைக் கட்டலாம் என்பதைத் தீர்மானிக்கும் சட்டம் டெல்லியில் எழுதப்படுகிறது.

எப்படி எழுதப்படுகிறது? அதைத்தான் நாம கேட்கணும்.

முதலில் ஒரு வரலாறு. 'காடு' மாநிலப் பட்டியலில் இருந்த பொருள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், 42-ஆவது திருத்தத்தின் மூலம் கல்வியோடு சேர்த்து காட்டையும் பொதுப் பட்டியலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. கல்வி போனதைப் பற்றி நிறையப் பேசுறோம். காடு போனதைப் பேச மறந்துட்டோம்.

இப்போ இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பாருங்க.

🔴 ஒன்று, வன உரிமைச் சட்டம், 2006.
2005 டிசம்பரில் மசோதா வந்தது. அதில் பழங்குடியினருக்கு மட்டுமே உரிமை. அதுவும் 1980 அக்டோபர் 25-க்கு முன்பிருந்தே காட்டில் இருந்திருக்க வேண்டும். நிலம் அதிகபட்சம் 2.5 ஹெக்டேர். மசோதா நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்குப் போனது. குழு மக்களிடம் கேட்டது, விவாதித்தது, மாற்றச் சொன்னது. கடைசியில் நிறைவேறிய சட்டத்தில் தகுதி நாள் 2005 டிசம்பர் 13 ஆனது, நில வரம்பு 4 ஹெக்டேர் ஆனது. மூன்று தலைமுறையாகக் காட்டை நம்பி வாழும் மற்ற மக்களும் உள்ளே வந்தார்கள். காட்டு மக்களுக்கு நடந்தது 'வரலாற்று அநீதி' என்று சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொண்டது.

🔴 இரண்டு, வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், 2023.
2023 மார்ச் 29-இல் மசோதா வந்தது. சுற்றுச்சூழலுக்கென்று ஒரு நிலைக்குழு இருக்கிறது. அதைத் தாண்டி, தனியாக ஒரு கூட்டுக்குழு போட்டாங்க. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். ஜூலை 20-இல் அறிக்கை வந்தது. மசோதாவில் என்ன மாறியது? ஒரு கமா கூட மாறல!

ஜூலை 26: மணிப்பூருக்காக முழக்கம் எழுந்த மக்களவையில், அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றம். ஆகஸ்ட் 2: மாநிலங்களவை. ஆகஸ்ட் 4: குடியரசுத் தலைவர் ஒப்புதல். அறிக்கை வந்த பதினைந்தே நாளில் காட்டின் தலையெழுத்தை மாத்திட்டாங்க.

இரண்டுக்கும் கூட்டுக்குழு இருந்தது. ஒன்று மக்களைக் கேட்டு மசோதாவைத் திருத்தியது. இன்னொன்று முத்திரை குத்திக் கொடுத்தது. நாடாளுமன்றத்தின் உண்மையான பலம் டிவியில் தெரியும் கூச்சலில் இல்லை, குழு அறையில் இருக்கிறது. 15-ஆவது மக்களவையில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17-ஆவது மக்களவையில் சுமார் 16 சதவீதம்தான். போனதிலும் இப்படி நடந்தால்?

"கொடைக்கானல் நாட்டு எல்லையிலா இருக்கு? உங்களுக்கு என்ன பாதிப்பு?" என்று கேட்கிறார்கள். சட்டத்தைப் படிச்சுப் பாருங்க. எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் என்பது ஒரு பிரிவுதான். காட்டின் மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெறும் சூழல் சுற்றுலா வசதிகள் 'காடு சாராத பயன்பாடு' ஆகாது என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. 2013-இல் அறிவிக்கப்பட்ட, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்கும் மேலாண்மைத் திட்டம் உண்டு. சுற்றுலா என்ற பெயரில் என்ன வரும்னு மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தரணுமா?

காடு என்று அரசுப் பதிவேட்டில் ஏறாத சோலைத் துண்டுகளுக்கும் இந்தத் திருத்தத்தில் பாதுகாப்பு இல்லை. அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடுதான் என்று 1996-இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தொடர்ந்து பின்பற்றுங்கள் என, 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட வேண்டியிருந்தது. நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலையை நீதிமன்ற வாசலில் போய்க் கேட்க வேண்டிய நிலைமை!

பெயரைக்கூட விட்டு வைக்கல. 1980-ஆம் ஆண்டு சட்டம் இப்போ 'வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதினியம்'. பளியர் குடியில் இதை யார் வாசிச்சுப் புரிஞ்சுக்குவாங்க?

நல்ல சட்டம் வந்தாலும் சும்மா கிடைச்சிடாது. வன உரிமைப் பட்டா வழங்குவது தமிழ்நாட்டில் 2008-இல் நீதிமன்றத் தடையில் சிக்கியது. அது நீங்கியது 2016-இல். எட்டு வருஷம் போச்சு!

அதனால் தோழர்களே, மூன்று வேலை இருக்கு.

✊ மலைக் கிராமத்தில் இருப்பவர்கள்: வன உரிமைக் குழு இருக்கான்னு கிராம சபையில் கேளுங்க. இல்லைன்னா அமைக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்க. தனி உரிமையோடு சமூக உரிமைக்கும் மனு கொடுங்க. உரிமை கோரல் சரிபார்த்து முடியும் வரை யாரையும் காட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. சட்டத்தின் 4(5) பிரிவை மனப்பாடமாக வச்சுக்கோங்க.

✊ நகரத்தில் இருப்பவர்கள்: உங்க எம்.பி. யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும் கேளுங்க. எந்தக் குழுவில் இருக்கீங்க? எந்த மசோதாவுக்குத் திருத்தம் கொடுத்தீங்க?

✊ எல்லாரும்: ஒரு மசோதா மீது குழு கருத்துக் கேட்கும்போது எழுதுங்க. தமிழிலேயே எழுதுங்க.

ஓட்டுப் போட்டதோடு நம்ம வேலை முடியல. நாம பார்த்துக்கிட்டே இருந்தால்தான் அவை நமக்காகச் சட்டம் எழுதும். கண்ணை மூடினா, நம்ம மலைக்கு வேற யாரோ எழுதிடுவாங்க.

பகிருங்கள். பேசுங்கள். கிராம சபைக்குப் போங்கள்.

#காடுஎங்கள்உரிமை #பழனிமலை #நாடாளுமன்றம்மக்களுக்கே