பந்தயக் கணக்கும் நம் கைமுதலும்

கிரிப்டோ நாணயத்தில் பணம் போடலாமா என்று அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். விலை ஏறுமா, இறங்குமா என்பதை நாம் அறியோம். கணக்கை மட்டும் எடுத்துரைப்போம்.

ஒரு பந்தயத்தில் வென்றால் 100 ரூபாய்க்கு 50 லாபம். தோற்றால் 40 நஷ்டம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. பார்வைக்கு இது ஆதாயமே. ஆயினும் முழு முதலையும் வைத்தவர் ஒரு முறை வென்றால் 150. அடுத்த முறை தோற்றால் கையில் மிஞ்சுவது 90. அமெரிக்கரான ஜான் கெல்லி 1956-இல் வகுத்த முறைப்படி இங்கு வைக்கத் தக்கது கைமுதலில் நாலில் ஒரு பங்கே. அப்போது அதே வெற்றியும் தோல்வியும் 100 ரூபாயை 101.25 ஆக்கும்.

வாய்ப்பு தெரிந்த ஆட்டத்திற்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், வாய்ப்பே தெரியாத நாணயத்திற்கு எவ்வளவு வேண்டும்! 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலர் விற்ற பிட்காயின், 2022 நவம்பரில் 16,000-க்கும் கீழே வீழ்ந்தது. பின்னர் மீண்டும் ஏறியது உண்மையே. ஆனால் பாவுக்கும் விதைப்புக்கும் பணம் வேண்டியவர் அதுவரை காத்திருக்க இயலுமா?

ஆகவே நூலுக்கும் விதைக்கும் வைத்த பணத்தையும், சங்கக் கடனையும் இதில் இடலாகாது. இழந்தாலும் தறியும் ஏரும் நின்றுவிடாத சிறு தொகையே எல்லை என்பது நமது துணிபு.