துவிச்சக்கர வண்டியும் சொந்தப் பொறுப்பும்

கந்தோர்கள், கடைத்தொகுதிகள், கல்வி நிலையங்கள் ஆகியவற்றின் வாசல்களில் அடிக்கடி கண்ணிற்படும் அறிவித்தல் ஒன்று உண்டு. “வாகனங்களைச் சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்” என்பதே அது. எழுதிவைத்தவர்கள் அதனை ஒரு சாதாரண எச்சரிக்கையென்றே கருதியிருப்பர். ஆயினும், நமது சமூகம் தன் உழைப்பாளரைப் பற்றிக் கொண்டுள்ள மனப்பான்மை அந்த நான்கு சொற்களில் அடங்கிக் கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம். மோட்டார் வாகனத்தில் வருபவருக்கு அது வெறும் சம்பிரதாயம். துவிச்சக்கர வண்டியில் வருபவருக்கோ அது கைவிரிப்பு.

இவ்வேற்றுமையைச் சற்று விளக்குதல் தகும். மோட்டார் வாகனத்துக்கு இலக்கத் தகடு உண்டு, பதிவுப் புத்தகம் உண்டு, காப்புறுதி உண்டு. அதன் உரிமையாளர் பெயர் அரசாங்கத் திணைக்களமொன்றின் ஏட்டிலே பதிந்திருக்கிறது. துவிச்சக்கர வண்டிக்கு இவற்றுள் எதுவுமில்லை. அதனைத் தூக்கிச் செல்லலாம், கழற்றிப் பிரிக்கலாம், ஒரு சந்தி கடந்ததும் ஆயிரம் வண்டிகளுள் ஒன்றாக அதனை மறைத்துவிடலாம். பாதுகாப்பு மிகக் குறைந்த வாகனத்தை வைத்திருப்பவன், அதனை இழந்தால் மீண்டும் வாங்க இயலாதவனாகவும் இருக்கிறான். அவனிடம் போய்ச் ‘சொந்தப் பொறுப்பு’ என்று சொல்வது எவ்வகை நியாயம்?

யாழ்ப்பாண நகரை நோக்கிக் காலையில் மிதித்து வருபவர்களை எண்ணிப் பாருங்கள். கோப்பாயிலிருந்து புடவைக்கடைக்கு வரும் பெண். மானிப்பாயிலிருந்து கரண்டியும் மட்டப்பலகையும் கரியலிற் கட்டிவரும் மேசன். விடியுமுன் வந்து வீதி கூட்டும் சுத்திகரிப்புத் தொழிலாளி. வண்டியைப் பேருந்து நிலையத்தருகே விட்டுவிட்டு வன்னிப் பாடசாலைக்குப் பயணமாகும் ஆசிரியர். இவர்களுள் ஒருவரது வண்டி களவுபோனால், களவுபோவது இரும்பு மட்டுமன்று. மறுநாள் வேலைக்கு நேரத்துக்குப் போகும் வழியும் போய்விடுகிறது. நாட்கூலிக்காரனுக்கு நேரம் பிந்துவதென்றால் அன்றைய கூலி போவதென்றே பொருள்.

இக்கருத்தை எந்தக் கட்டுரையாளனும் எழுத முடியாத வண்ணம் காட்டிய கலைஞர் ஒருவர் இருந்தார். இத்தாலிய நெறியாளர் வித்தோரியோ டி சிக்கா 1948ஆம் ஆண்டில் ஆக்கிய ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற திரைப்படத்தைக் கலாரசிகர்கள் அறிவர். உறோமாபுரியில் வேலையற்றிருந்த ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால் மாத்திரமே வேலை. அடகிலிருக்கும் வண்டியை மீட்க, மனைவி படுக்கை விரிப்புகளை அடகுக்குக் கொடுக்கிறாள். வேலை தொடங்கிய முதல் நாளே வண்டி களவாடப்படுகிறது. தகப்பனும் சிறு மகனும் சந்தையெங்கும் அலைகிறார்கள். அங்கே சில்லுகள் ஒருபுறம், மணிகள் ஒருபுறம், பிறேம்கள் ஒருபுறம் எனக் குவிந்து கிடக்கின்றன. ஈற்றில் அந்த நேர்மையாளனே பிறனொருவனுடைய சைக்கிளைத் திருட முயன்று, மகன் பார்த்திருக்கப் பிடிபடுகிறான். ஒரு களவு இன்னொரு களவைப் பெற்றெடுக்கும் விதத்தை இதனிலும் தெளிவாகக் கூறுதல் அரிது. பாதுகாப்பற்ற வண்டி ஒருவனது உடைமையை மட்டுமன்றி, அவனது ஒழுக்கத்தையுமே சோதனைக்கு உள்ளாக்குகிறது.

எங்கள் மண்ணில் இவ்வண்டிக்கு உள்ள இடம் சாதாரணமானதன்று. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையினால் எரிபொருள் அருகிப்போன ஆண்டுகளில் குடாநாட்டைச் சுமந்தது துவிச்சக்கர வண்டியே. விறகும் மண்ணெண்ணெயும் நோயாளரும் அதன்மீதே சென்றனர். அதன் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டோர் பலர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல முடிந்தவற்றையெல்லாம் பலர் சைக்கிளிற் கட்டியே உருட்டிச் சென்றனர். பின்னர் 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, மோட்டார் வாகனக்காரரும் பழைய வண்டிகளைத் தூசிதட்டி எடுத்தனர். நெருக்கடி வந்தபோதெல்லாம் அதனைப் போற்றிய நாம், நெருக்கடி நீங்கியதும் அதற்கு ஓர் ஒதுக்கிடங்கூடக் கொடுக்க மறக்கிறோம்.

உரிமையாளன் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்று நான் கூறவரவில்லை. செய்யவேண்டியவை உள. நமது வண்டிகளிற் பெரும்பாலும் காணப்படும் பின்சில்லுப் பூட்டு, சில்லைச் சுழலவிடாமல் தடுக்குமேயன்றி வண்டியைத் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. எனவே பிறேமையும் பின்சில்லையும் சேர்த்து, நிலத்தில் ஊன்றிய இரும்புத் தூணொன்றுடன் பிணைத்தல் வேண்டும். பிளாஸ்ரிக் உறையிட்ட மெல்லிய கம்பிவடம் ஒரு குறட்டுக்குத் தாங்காது. தடித்த உருக்குச் சங்கிலியோ லாட வடிவப் பூட்டோ மேலானது. பூட்டு நிலத்திற் படும்படி தொங்குதலும் கூடாது. தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்துடைப்பதற்கு அது வசதியாகிவிடும். பெடல் அச்சின் அடியிலோ ஆசனக் குழாயின் அருகிலோ பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கத்தை எழுதிவைத்தலும், வாங்கிய பற்றுச்சீட்டைப் பேணுதலும், வண்டியைப் படம்பிடித்து வைத்தலும் அவசியம். இலக்கமின்றி முறைப்பாடு செய்பவரிடம் ‘கறுப்பு நிறச் சைக்கிள்’ என்ற அடையாளத்தைத் தவிர வேறென்ன இருக்கும்?

ஆனால் இவையெல்லாம் திருடனைத் தாமதிக்கச் செய்வன; அவ்வளவே. அத்தாமதத்துக்குப் பயன் உண்டாக வேண்டுமாயின், அவனைப் பார்க்கும் கண் ஒன்று அருகில் இருக்கவேண்டும். கட்டடத்தின் பின்புறத்தில், மலசலகூடச் சுவரோரம், எவரும் எட்டிப்பாராத மூலையில் எட்டுமணிநேரம் நிற்கும் வண்டிக்கு எந்தப் பூட்டும் காவலாகாது. அந்த மூலையைத் தெரிவுசெய்தவன் தொழிலாளியல்லன். முன்புறக் கூரையின்கீழ்க் கார்களுக்கு இடம் வகுத்துவிட்டுச் சைக்கிள்களைப் பின்னுக்குத் தள்ளியது நிர்வாகம். இடத்தைத் தெரிவுசெய்தவரிடமே பொறுப்பும் இருத்தல் வேண்டும் என்பது என் வாதம்.

‘இத்தனை வண்டிகளை யார் காப்பது?’ என்று கேட்பவர்கள், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவ காலத்தில் அவ்வீதிகளுக்குச் சென்று பார்க்கட்டும். இருபத்தைந்து நாட்கள் நிகழும் திருவிழாவில், சுற்றுப்புற வீட்டு வளவுகள் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களாக மாறிவிடுகின்றன. இலக்கமிட்ட துண்டு ஒன்று வண்டியில். அதன் இணைத்துண்டு வந்தவர் கையில். சிறு கட்டணம். திருவிழாக் கூட்டத்திலும் அவரவர் வண்டி அவரவரிடம் திரும்புகிறது. இதற்கு நிபுணர் குழு தேவைப்படவில்லை. வெளிநாட்டு நிதியும் தேவைப்படவில்லை. ஒரு படலையும், ஒரு கயிறும், பொறுப்பேற்கும் ஒரு மனிதருமே தேவைப்பட்டனர். திருவிழாவுக்கு இயல்வது வேலைநாளுக்கு இயலாதா?

பிறநாடுகள் இதனை அற்பமென்று ஒதுக்கவில்லை. யப்பானில் 1994 முதல் சைக்கிளைப் பதிவுசெய்தல் சட்டப்படி கடமையாயிற்று; வண்டியில் ஒட்டிய இலக்கத்தைக் கொண்டு பொலிசார் உரிமையாளரைக் கண்டறிவர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரப் புகையிரத நிலையத்தில் 12,500 சைக்கிள்களுக்கான தரிப்பிடம் 2019இல் முழுமை பெற்றது. முதல் இருபத்துநான்கு மணிநேரத்துக்குக் கட்டணமில்லை. செல்வந்த நாடு செய்ததை அப்படியே செய்யுமாறு நான் கேட்கவில்லை. சைக்கிளில் வருபவனும் நகரத்தின் மதிப்புக்குரிய பயணி என்ற எண்ணத்துக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை என்றே கூறுகிறேன்.

நம்மிடமும் அதற்குரிய அடிப்படை உண்டு. சைக்கிளுக்கும் ஆண்டுவரி செலுத்தித் தகடு பெற்ற காலத்தை முதியோர் அறிவர். வாகனங்கள்மீது ஆண்டுவரி விதிக்கும் அதிகாரத்தை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் சபைகளுக்கு வழங்கியிருக்கிறது. வரி என்ற சொல்லை விடுத்து, பதிவு என்ற நோக்கிற் சபைகள் சிந்திக்கலாம். பிறேம் இலக்கம், உரிமையாளர் பெயர் ஆகிய இரண்டையும் கொண்ட ஓர் ஏடு போதும். பழைய சைக்கிள் வாங்கி விற்கும் கடைகள் அந்த ஏட்டைப் பார்த்தே வாங்கவேண்டுமெனின், களவுப் பொருளுக்குச் சந்தை குறையும். பேருந்து நிலையத்தருகிலும் புகையிரத நிலையத்தருகிலும் துண்டு கொடுக்கும் தரிப்பிடங்களை மாநகரசபை நடத்தலாம். வேலைகொள்வோர் செய்யவேண்டியது இதனிலும் சிறிது: வாயிற் காவலாளியின் பார்வைக்குள் ஒரு கூரை, அதன்கீழ் நிலத்தில் ஊன்றிய ஓர் இரும்புச் சட்டம்.

‘ஒரு பழைய சைக்கிளுக்காக இவ்வளவு ஆரவாரமா?’ எனச் சிலர் நகைக்கக்கூடும். பொருளின் பெறுமதியை விலையைக் கொண்டு மாத்திரம் அளப்பவர்கள் அவ்வாறே நகைப்பர். ஒருவனது மாத வருமானத்தோடு ஒப்பிட்டு அளந்தால், கார் வைத்திருப்பவர் காரை இழப்பதினும் பெரிய இழப்பு அந்தப் பழைய சைக்கிளின் இழப்பாக இருத்தல் கூடும். காருக்குக் காப்புறுதிப் பணம் வரும். சைக்கிளுக்கு வருவது அயலவரின் அனுதாபம் மாத்திரமே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பக்கங்களை வாசிப்பவர்கள்; பாடசாலைதோறும் சைக்கிள்கள் நிறைந்திருப்பதை அறிந்தவர்கள். தங்கள் பாடசாலையிலிருந்தே இதனைத் தொடங்குதல் அவர்களுக்கு அரிதன்று. அதிபரின் அனுமதியோடு ஒரு கொட்டகை, ஒரு பதிவேடு, முறைவைத்துக் கவனிக்கும் மாணவர் குழு. இவற்றுக்கு ஒரு தவணை போதும். அதனைச் செய்துமுடித்த பாடசாலையின் வாயிலில் அறிவித்தற் பலகை இருக்கவேண்டுமாயின், “வண்டியை இங்கே விடுக, நாம் பார்த்துக்கொள்வோம்” என்று அதில் எழுதட்டும்.