ஒரு ராத்திரி கணக்கு போதாது!

இரவு மணி 12. சென்னை வால்டாக்ஸ் ரோடு. கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கியாச்சு. பிளாட்பாரத்தில் வரிசையாக ஆட்கள். தலைக்கு துணி மூட்டை. கால் பக்கம் சட்டி, பானை. ஒரு தள்ளுவண்டியின் மேல் கொசுவலை. உள்ளே மூன்று குழந்தைகள்.

நாம் நோட்டுப் புத்தகத்தை எடுத்ததும் ஒரு ஆயா எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, பேரு எழுதுறியா? எழுதிக்கினு போயி, அப்பால துரத்துவீங்களா?"

இந்த நகரத்தில் இப்படிப் படுத்துக் கிடப்பவர்கள் எத்தனை பேர்? அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் நாம் அங்கே போனோம். ஆயா கேட்ட கேள்வி அதை விடப் பெரிது!

17 லட்சத்து 73 ஆயிரம்

2011-ம் ஆண்டு மக்கள் தொகை கணக்கெடுப்பில், பிப்ரவரி 28-ந் தேதி ராத்திரி நாடு முழுவதும் வீடற்றவர்களை எண்ணினார்கள். ரோட்டோரம், மேம்பாலத்தின் அடி, மாடிப்படிக்குக் கீழே, பெரிய குழாய்க்குள், கோவில் மண்டபம், ரெயில்வே பிளாட்பாரம்... இங்கெல்லாம் கிடப்பவர்கள் "வீடற்றோர்".

கிடைத்த கணக்கு 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். 2001-ல் இது 19 லட்சத்து 43 ஆயிரம்.

"அட, குறைஞ்சிருக்கே!" என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். குறைந்தது கிராமங்களில்தான். நகரங்களில் 7 லட்சத்து 78 ஆயிரமாக இருந்தது 9 லட்சத்து 38 ஆயிரமாக ஏறியது.

இதுவே முழுக்கணக்கு இல்லை என்பதுதான் நம் வாதம்.

கண்ணில் படாதவர்கள்

கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கு ராத்திரிதான் வேலை. அவர் தூங்குவது பகலில். நடுராத்திரியில் பிளாட்பாரத்தில் போய் தேடினால் எப்படிக் கிடைப்பார்? கல்யாண சமையலுக்குப் போனவர் அன்று மண்டபத்தில் படுத்திருப்பார். அவரும் கணக்கில் இல்லை.

தனியாக இருக்கும் பெண்கள் பாடு இன்னும் மோசம். நாலு பேர் கண்ணில் பட்டால் ஆபத்து என்று மறைவாகப் படுப்பார்கள். டார்ச் வெளிச்சம் வந்தால் எழுந்து போய்விடுவார்கள். மனநிலை சரியில்லாதவர், கேட்டால் பதிலே சொல்ல மாட்டார்.

அடுத்தது ரோந்து. லத்தியால் தரையில் தட்டி, "எந்திரி, எந்திரி... அந்தப் பக்கம் போ!" என்று எழுப்புவதை நாம் பல ராத்திரி பார்த்திருக்கிறோம். பெரிய மனிதர் யாராவது வரப்போகிறார் என்றால் தெருவே காலி. விரட்டப்பட்டவர் இந்தத் தெரு கணக்கிலும் வர மாட்டார், அந்தத் தெரு கணக்கிலும் வர மாட்டார்.

குறைத்து எண்ணினால் யாருக்கு நஷ்டம்?

ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது வருடம் முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2013-ல் வந்த மத்திய அரசு திட்டமும் அதே அளவுதான். ஒரு காப்பகத்தில் 100 பேர். ஆளுக்கு 50 சதுர அடி.

2011 கணக்குப்படி, விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியில் ஜனத்தொகை 66 லட்சத்துக்கு மேல். அப்படிப் பார்த்தால் 66 காப்பகம். சரி, அதை எங்கே கட்டுவது? அதற்குத்தான் கணக்கு வேண்டும்!

வேலை இருக்கும் இடத்தில்தான் ஏழை படுப்பான். பிராட்வேயில் மூட்டை தூக்குகிறவனுக்கு ஊர்க்கோடியில் காப்பகம் கட்டி என்ன பிரயோசனம்? கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களில் பல, பிழைப்புக்காகத் திரும்பி வந்ததை நகரமே பார்த்தது. புருஷன் ஒரு காப்பகம், பெண்சாதி ஒரு காப்பகம் என்று பிரித்தாலும் குடும்பஸ்தர்கள் போக மாட்டார்கள்.

ஆகவே தலையை மட்டும் எண்ணினால் போதாது. என்ன வேலை, குடும்பம் இருக்கா, குழந்தை எத்தனை, உடம்புக்கு என்ன என்று வாயைத் திறந்து கேட்கவும் வேண்டும்.

"ஊருக்குப் போகச் சொல்லு சார்" என்று சிலர் சொல்வார்கள். எந்த ஊருக்கு? ஜார்ஜ் டவுன் பிளாட்பாரங்களில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இதுதான் ஊர்!

ஓட்டுக்கு வரும்போது...

இன்னொரு விஷயம். வீடு இல்லாதவருக்கும் ஓட்டு உண்டு. முகவரிச் சான்று தேவையில்லை. அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று தேர்தல் அலுவலர் ராத்திரியில் நேரில் போய் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி அல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரி! இது தேர்தல் கமிஷன் விதி.

ஓட்டுக்காகப் பல ராத்திரி போகலாம் என்றால், கூரைக்காகப் போகக் கூடாதா?

2021-ல் நடக்க வேண்டிய மக்கள் தொகை கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ந் தேதியை அடிப்படை நாளாகக் கொண்டு எடுக்கப்படும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. நாட்டுக்கு அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் மாநகராட்சி அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. தனியாகவும் எடுக்க வேண்டும்.

எப்படி? ஒரு ராத்திரி அல்ல, குறைந்தது மூன்று ராத்திரி போகட்டும். ராத்திரி வேலைக்காரர்களைப் பகலில் தேடிப் பிடிக்கட்டும். ஒரே ஆளை இரண்டு தடவை எழுதாமல் இருக்க, பெயர், வயசு, படுக்கும் இடம் மூன்றையும் குறிக்கட்டும். பிளாட்பாரத்திலேயே வாழ்கிறவர்களைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போகட்டும். எந்த மூலையில் யார் படுப்பார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பெண்களிடம் பெண்களே போய் பேசட்டும். அந்த நாட்களில் போலீசார் யாரையும் எழுப்பக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முதலில், "இது விரட்டுவதற்கு எழுதும் பெயர் அல்ல" என்று அதிகாரிகள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

அந்த ஆயாவுக்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. நோட்டை மூடிவிட்டு வந்தோம். பதில் சொல்ல வேண்டியவர்கள் ரிப்பன் கட்டிடத்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து வால்டாக்ஸ் ரோடு ரொம்ப தூரம் இல்லை. ஒரு ராத்திரி நடந்து வந்து பார்க்கட்டும்!