கருக்கு: கைவிடக் கூடாத சொல்

திருச்சிக்கு மேற்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தில், 1836-இல் ஆர்தர் காட்டன் அணை கட்டினார். அரசுக் கோப்புகளில் அது மேலணை. ஊர் வாயிலோ முக்கொம்புதான். கொம்பு என்றால் கிளை. கண்ணால் பார்த்ததைப் பெயராக்கும் அதே ஊர் வாய், கதிரறுக்கும் அரிவாளின் பற்களைக் ‘கருக்கு’ என்கிறது.

பனைமட்டையின் இரு ஓரங்களிலும் கறுத்து, கையைக் கிழிக்கும் பற்கள் இருக்கின்றனவே, அவையும் கருக்குதான். புத்தம்புதிதாகக் கலையாமல் இருக்கும் பொருளைக் ‘கருக்கு அழியாமல் இருக்கிறது’ என்பார்கள்.

நெல்தாள் வழுக்கும். மணல்சத்து நிறைந்த அந்தத் தாளில் வெறும் வாய் கொண்ட கத்தி சீக்கிரம் மழுங்கிவிடும். அதனால்தான் கொல்லர் வளைந்த அலகின் ஓரத்தில் உளியால் நெருக்கமாகக் கருக்கு வெட்டுகிறார். பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒரு கை தாளைப் பிடிக்க, மறு கை தன் பக்கம் இழுக்க, கருக்கு தாளைக் கவ்வி அறுக்கும். இத்தனை நுட்பமும் நான்கு எழுத்துக்குள் அடங்கியிருக்கிறது.

எழுத்தாளர் பாமா 1992-இல் தம் தன்வரலாற்று நூலுக்குக் ‘கருக்கு’ என்று பெயரிட்டார். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோதும் தலைப்பை மாற்றவில்லை.

இன்று முக்கொம்புத் தண்ணீர் பாயும் வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. இடுப்பொடிக்கும் வேலை குறைந்தது நல்லதே. ஆனால் அரிவாளோடு சொல்லையும் பரணில் போட வேண்டியதில்லை. ரொட்டி வெட்டும் கத்தியின் ஓரத்தில் இருப்பதும் கருக்குதான். அதை ‘ரம்பப்பல் போன்ற விளிம்பு’ என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் இச்சொல் இருக்கிறது. அகராதியில் இருந்தால் மட்டும் போதாது. தொழிற்பயிற்சி நிலையப் பாடநூல்களில் கருக்கு, அலகு, பூண் ஆகிய சொற்கள் இடம்பெற வேண்டும். நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரி மாணவர்கள் சுற்றுவட்டாரக் கொல்லுப் பட்டறைகளில் உட்கார்ந்து, கருவிகளின் ஒவ்வொரு உறுப்புக்கும் உள்ள பெயரைக் கேட்டு எழுதட்டும். சொல்லித் தருவதற்குப் பட்டறைப் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.