யார் துரோகி? நாகர் நாடு சொல்லும் பாடம்

நம் நாட்டில் ஒருவன் வாயை அடைக்க வேண்டுமானால், அவன் சொல்வது தப்பு என்று ருஜுப்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. "இவன் துரோகி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். முன்காலத்தில் மதத்தின் பேரால் "நாஸ்திகன்" என்ற வார்த்தை செய்து வந்த வேலையை, அரசியலின் பேரால் "துரோகி" என்ற வார்த்தை செய்து வருகிறது. நாஸ்திகன் பேச்சைக் காதால் கேட்பதே பாவம் என்றார்கள். துரோகி பேச்சைக் காதால் கேட்பதே குற்றம் என்கிறார்கள். இரண்டிலும் ஜனங்களுக்கு மிச்சமாவது யோசிக்கும் சிரமம் ஒன்றுதான்.

இந்த வார்த்தை ஒரு சமூகத்தை என்ன பாடு படுத்தும் என்பதற்கு நாகர் நாடே போதுமான உதாரணமாகும். தாமலிலும் காஞ்சிபுரத்திலும் தறிக்குழியில் கால் வைத்து உழைக்கும் தோழர்களுக்கு, எங்கோ பர்மா எல்லையில் இருக்கும் மலை ஜனங்களின் அரசியல் எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. டில்லியின் கீழ் இருக்க முடியாது, தனி நாடு வேண்டும் என்று அவர்களும் கேட்டார்கள், நம்மவர்களும் கேட்டார்கள். 1963-ம் வருஷத்தில் இரண்டு இடத்திலும் அந்தக் கோரிக்கை ஒரு திருப்பத்துக்கு வந்தது. அங்கே அதற்கு முன்னும் பின்னும் ரத்தம் ஓடிற்று. இங்கே மேடையில் வசவு ஓடிற்று. ஏன் இந்த வித்தியாசம் என்று அறிவுள்ளவர்கள் யோசிக்க வேண்டாமா?

நாகர் என்றவுடன் புராணத்துப் பாம்பு ஜாதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அங்காமி, ஆவோ, சுமி, லோத்தா, கொன்யாக், தாங்குல் என்று பல இனத்தவர்கள் சேர்ந்தே நாகர் எனப்படுகிறார்கள். அவர்களுக்குள் வருணம் இல்லை, பூணூல் இல்லை, பிறவியினால் தீண்டாதவன் என்று ஒருவன் இல்லை. தலைமையிலும் ஒரே மாதிரி இல்லை. கொன்யாக்குகளுக்கு ஆங் என்ற பரம்பரைத் தலைவன் உண்டு. அங்காமிகளுக்கோ ராஜாவும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. ஊரார் கூடிப் பேசி முடிவு செய்வதே வழக்கம்.

இப்படிப்பட்ட ஜனங்கள் 1918-ம் வருஷத்தில் நாகா கிளப் என்ற ஒரு சங்கம் கண்டார்கள். 1929-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி கோஹிமாவுக்கு வந்த சைமன் கமிஷனிடம், எங்களைப் பிறருடன் சேர்த்துக் கட்ட வேண்டாம், எங்கள் பாட்டுக்கு விட்டுவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1946-ல் நாகா தேசீய கவுன்சில் ஏற்பட்டது. 1947 ஆகஸ்டு 14-ந் தேதி, இந்தியா சுதந்திரம் பெறுவதற்கு முதல் நாள், தாங்கள் சுதந்திரர் என்று பிரகடனம் செய்தார்கள். பிறகு கோனோமா கிராமத்து அங்காமி ஜாப்பு பிஸோ தலைவரானார். 1951-ல் ஊர் ஊராகக் கைநாட்டு வாங்கி ஜனங்களின் அபிப்பிராயம் எடுத்தார். 1952-ல் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். அதுவரை எல்லாம் காகிதத்திலும் வாயிலும் நடந்த காரியங்களே.

டில்லி என்ன செய்தது? பேசிப் பார்க்க வேண்டிய இடத்தில் பட்டாளத்தை அனுப்பிற்று. 1958-ல் ஆயுதப் படைகளுக்கான விசேஷ அதிகாரச் சட்டம் செய்தது. சந்தேகத்தின் பேரில் சுடலாம். சுட்டவன் மீது மத்திய சர்க்காரின் அனுமதி இல்லாமல் வழக்குப் போடக்கூடாது என்பதே அதன் சாரம். சில பகுதிகளில் 2022-ல் எடுத்துவிட்டார்கள் என்றாலும் அது அடியோடு ஒழிந்துவிடவில்லை. அந்தச் சட்டத்தின் யோக்கியதை என்ன என்பதற்குப் பழங்கதை வேண்டாம். 2021 டிசம்பர் 4-ந் தேதி மோன் ஜில்லா ஓட்டிங் கிராமத்துக்குப் பக்கத்தில், நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய கூலிக்காரர்கள் 6 பேரை ராணுவத்தார் சுட்டுக் கொன்றார்கள். தப்பாக அடையாளம் கண்டுவிட்டோம் என்றார்கள். மாநிலப் போலீசார் 30 பேர் மீது குற்றம் சாட்டியும், வழக்கு நடத்த மத்திய சர்க்கார் அனுமதி கொடுக்கவில்லை. துப்பாக்கியை அந்த மலையில் நியாயமாக்கியதில் முதல் பங்கு டில்லியுடையது என்பதை மறைப்பவன் யோக்கியனாக மாட்டான்.

ஆனால் டில்லியின் குற்றத்தைச் சொல்லிவிட்டதாலேயே மற்றக் கணக்கு தீர்ந்துவிடாது. நாகா தேசீய கவுன்சிலின் காரியதரிசியாக இருந்தவர் சாக்ரி. பிஸோவின் சொந்தக் கிராமத்தார், சொந்தக்காரரும்கூட. ஆயுதம் வேண்டாம், சாத்வீகமாகவே போவோம் என்றார். 1956 ஜனவரியில் கடத்திக் கொண்டு போய்க் கொல்லப்பட்டார். டாக்டர் இம்கோங்லிபா ஆவோ என்பவர், தனி நாடு இல்லாவிட்டாலும் தனி மாகாணமாவது வாங்குவோம் என்று சொன்ன நாகா ஜன மகாநாட்டின் தலைவர். 1960-ல் டில்லியோடு 16 அம்ச உடன்பாடு ஏற்பட்டது. 1961 ஆகஸ்டில் அவர் சுடப்பட்டு இறந்தார். அந்த உடன்பாட்டின்படி 1963 டிசம்பர் 1-ந் தேதி நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை. ஆயுதப் படைக்கே தளபதியாய் இருந்து பிறகு மாறுபட்ட கைட்டோ சேமா 1968-ல் கோஹிமாவில் கொல்லப்பட்டார்.

பிறகு 1975-ல் ஷில்லாங் ஒப்பந்தம் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர்கள் துரோகிகள் என்று சொல்லி 1980-ல் ஐசக் சூ, முய்வா, காப்லாங் ஆகியோர் புதுக் கவுன்சில் கண்டார்கள். அந்தப் புதுக் கவுன்சிலும் 1988-ல் இரண்டாகி, ஒருவரையொருவர் துரோகி என்று சொல்லிச் சுட்டுக் கொண்டார்கள். அதன் பின்பு உண்டான பிளவுகளை எண்ணிச் சொல்வதே கஷ்டம். 1997-ல் போர் நிறுத்தமும், 2015 ஆகஸ்டு 3-ந் தேதி ஒரு பூர்வாங்க உடன்பாடும் வந்தன. இத்தனை காலத்தில் டில்லியின் குண்டுக்கு இறந்தவர்கள் போக, சொந்தச் சகோதரனின் குண்டுக்கு இறந்த நாகர்கள் எத்தனை பேர்!

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1949 செப்டம்பரில் பெரியாரிடமிருந்து அண்ணாதுரை பிரிந்து தனிக் கழகம் கண்டார். பிரிந்தவர்களைப் பெரியார் "கண்ணீர்த்துளிகள்" என்று பல வருஷம் ஏசினார். 1967 தேர்தலிலும் காங்கிரசுக்குத்தான் ஓட்டுக் கேட்டார். ஆனால் யாரும் யாரையும் சுடவில்லை. ஜெயித்ததும் அண்ணாதுரை திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். அந்த வருஷமே சுயமரியாதைத் திருமணம் செல்லுபடியாகும் என்ற சட்டம் சட்டசபையில் நிறைவேறிற்று. பதினெட்டு வருஷம் ஒருவரையொருவர் வசைபாடியவர்கள் உயிரோடு இருந்ததால்தான் அந்தச் சட்டம் வந்தது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தார் செய்ததையும் கவனியுங்கள். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த தங்கள் ஊர்க்காரரை 1957-ல் சட்டசபைக்கு அனுப்பினார்கள். 1962-ல் அதே காஞ்சிபுரத்தார் அவரைத் தோற்கடித்தார்கள். அவர் கட்சிக்கு மாகாணத்தில் 50 இடம் கிடைத்தது. தலைவருக்குச் சொந்த ஊரில் இடம் கிடைக்கவில்லை. அதற்காகக் காஞ்சிபுரத்தார் துரோகிகளாகிவிட்டார்களா? அவர் ராஜ்ய சபைக்குப் போனார். சீனப் படையெடுப்பு நடந்தது; பிரிவினை கேட்பவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தின் 16-வது திருத்தம் வந்தது. 1963-ல் அவர் கழகம் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். விவாதிக்க முடிகிறது என்பதே நம் முன்னிற்கும் விஷயம்.

நிற்க. இதைப் படித்துவிட்டு நாமெல்லாம் மகா யோக்கியர்கள் என்று மார்தட்டிக் கொள்ளவும் இடமில்லை. திராவிட நாடு நடைமுறைக்கு வராத கோரிக்கை என்று 1961-லேயே சொல்லிவிட்டு வெளியேறியவர் ஈ.வெ.கி.சம்பத். அவருக்குக் கிடைத்த பட்டம் என்ன? அவர் கண்ட தமிழ்த் தேசியக் கட்சி 1962 தேர்தலில் ஓரிடமும் பெறவில்லை. இரண்டே வருஷத்தில் கழகமே அந்த முடிவுக்கு வந்தது. முன்னால் சொன்னவன் துரோகி, பின்னால் சொன்னவன் ராஜதந்திரி என்றால், துரோகம் என்பது காலண்டரைப் பொறுத்த விஷயம்தானா?

கடலுக்கு அப்பால் இருக்கும் தமிழர்களின் கதை இன்னும் கொடியது. இலங்கையில் சிங்கள சர்க்கார் தமிழர்களுக்குச் செய்த கொடுமைகள் உலகமறிந்தவை. ஆனால் 1989 ஜூலை 13-ந் தேதி கொழும்பில் அமிர்தலிங்கத்தைச் சுட்டது சிங்களவன் துப்பாக்கி அல்ல, தமிழன் துப்பாக்கி. அதே வருஷம் செப்டம்பரில், எந்தப் பக்கத்தார் செய்தாலும் கொடுமை கொடுமைதான் என்று எழுதிய யாழ்ப்பாணச் சர்வகலாசாலையின் டாக்டர் ராஜினி திராணகம, வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எனவே இது நாகர் புத்தி, தமிழர் புத்தி என்ற பேச்சே இல்லை. தலைவனைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற எண்ணம் எங்கே வேரூன்றினாலும் அங்கே இதுதான் விளையும்.

பெண்கள் சங்கதியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வருணமில்லாத அந்த மலையிலும் பெண்ணுக்குக் கவுன்சிலில் இடமிருந்ததில்லை. "எங்கள் வழக்கம்" என்பதே காரணம். நாகர் வழக்கங்களைக் காப்பதற்கென்று அரசியல் சட்டத்தில் 371-ஏ என்ற விதி உண்டு. டில்லியிடமிருந்து ஜனங்களைக் காக்க வந்த அந்த விதியை, தங்கள் வீட்டுப் பெண்களிடமிருந்து தங்கள் நாற்காலியைக் காக்க ஆண்கள் உபயோகித்தார்கள். நகரசபையில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2017-ல் தேர்தல் வைத்தபோது கலகம் மூண்டது; கோஹிமாவில் சர்க்கார் கட்டடங்கள் எரிந்தன. நின்ற அபேட்சகர்கள் விலகும்படி நெருக்கப்பட்டார்கள். மறுத்தவர்களைச் சில இனச் சங்கங்கள் தள்ளி வைத்தன. அதே பழைய பட்டந்தான்: இனத்துக்குத் துரோகி! 1964-ல் நடந்த முதல் சட்டசபைத் தேர்தல் தொடங்கி 2023 வரை ஒரு பெண்கூட அங்கே சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 2023-ல்தான் ஹெக்கானி ஜக்காலு, சல்ஹூதுவோனுவோ குருஸ் என்ற இருவர் வந்தார்கள். 2024 ஜூனில்தான் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய நகரசபைத் தேர்தல் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை, இனமும் அழிந்துவிடவில்லை.

இதைக் கேட்டு நாம் சிரிப்பதற்கு முன், 2021 தேர்தலில் நம் சட்டசபையின் 234 இடங்களில் எத்தனை பெண்கள் வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 12 பேர். 1929 பிப்ரவரியில், அதாவது நாகர்கள் சைமனிடம் மனுக் கொடுத்த அடுத்த மாதமே, இதோ பக்கத்துச் செங்கல்பட்டில் சுயமரியாதை மகாநாடு கூடிப் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது வருஷம் பிடித்தது.

"இயக்கம் என்றால் கட்டுப்பாடு வேண்டாமா? ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னால் எதிரிக்கல்லவா லாபம்?" என்று சிலர் கேட்கக்கூடும். கட்டுப்பாடு வேண்டியதுதான். கூடித் தீர்மானித்த காரியத்தைக் கூடிச் செய்வது கட்டுப்பாடு. தீர்மானிக்கும்போதே வாயைத் திறக்காதே என்பது அடிமைத்தனம். முதலாவது நாகர்களின் பழைய ஊர்க் கூட்டத்தில் இருந்தது; இரண்டாவது பட்டாளத்தில் இருப்பது. பட்டாளத்தோடு சண்டை போடப் போய்ப் பட்டாளத்தின் குணத்தையே வாங்கிக் கொண்டால், ஜெயித்தாலும் ஜெயித்தது யார்? எதிரிக்கு லாபம் என்ற வாதத்தைப் பற்றியும் சொல்லுகிறோம். சாக்ரியின் பேச்சால் டில்லி அடைந்த லாபம் என்ன? அவரைக் கொன்றதற்குப் பிறகு உண்டான பிளவுகளால் டில்லி அடைந்த லாபம் என்ன? இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி முடிச்சுப் போட்டு மேலே நெய்கிறான். அறுந்த இழைக்காகப் பாவையே வெட்டி எறிகிறவனை ஊரார் பைத்தியம் என்பார்கள். அரசியலில் மட்டும் அவனுக்கு மாலை போட்டு ஊர்வலம் விடுகிறார்கள்.

ஆகவே தோழர்களே, டில்லிக்குப் புத்தி சொல்ல நம்மால் உடனே முடியாது. நாகர்களுக்குப் புத்தி சொல்ல நமக்கு யோக்கியதையும் இல்லை. ஆனால் தாமலில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில், கணக்கைக் காட்டு என்று கேட்கிறவன் ஒருவன் எழுந்தால் அவனை உட்கார வைக்காதிருக்க நம்மால் முடியும். கிராம சபையில் ஒரு பெண் எழுந்து பேசினால், அவள் புருஷன் எங்கே என்று தேடாமல் அவள் சொல்வதைக் கேட்க முடியும். நம் கட்சித் தலைவர் ஒன்று சொன்னால், சொன்னவர் யார் என்று பார்ப்பதற்கு முன் சொன்னது என்ன என்று பார்க்க முடியும். அடுத்த தடவை யாராவது ஒருவரைக் காட்டி "துரோகி" என்று சொன்னால், "இருக்கட்டும், அவர் என்ன சொன்னார்? அதற்குப் பதில் என்ன?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் இருக்கிறவன் பதில் சொல்லுவான். இல்லாதவன்தான் பட்டம் சூட்டுவான்.