போட்டி பறித்தவை

போட்டி பெருகினால் நுகர்வோருக்கே ஆதாயம் என்பது சந்தைப் பொருளியலின் பால பாடம். கைப்பேசிச் சந்தையைப் பொறுத்தவரை இப்பாடத்தை நாம் சற்றே ஐயத்துடன் வாசிக்க வேண்டியுள்ளது.

2003இல் வெளிவந்த நோக்கியா 1100ஐ நினைவுகூர்வோம். கைவிளக்கும் தூசு புகாத விசைப்பலகையும் கொண்ட அவ்வெளிய கருவி உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. மின்கலம் நலிந்தால் பின்மூடியைக் கழற்றி நாமே மாற்றிக்கொண்டோம். 2007இல் ஆப்பிளின் ஐபோன் வந்தது. விரல் தீண்டலுக்கு இசையும் அக்கண்ணாடித் திரையில் உலகம் மயங்கியதில் வியப்பில்லை. மின்கலமோ உள்ளே பூட்டப்பட்டிருந்தது.

2011 முதல் 2018 வரை ஆப்பிளும் சாம்சங்கும் காப்புரிமைக்காக நீதிமன்றத்தில் பொருதின. ஆயினும் பறிப்பதில் மட்டும் இரண்டிற்கும் நல்ல ஒற்றுமை. 2015இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்6 மின்கலத்தை உள்ளே பூட்டிக்கொண்டது. 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டது. அதை விளம்பரங்களில் எள்ளி நகையாடிய சாம்சங், 2019இல் நோட் 10இலிருந்து அதே துளையை நீக்கியது. 2020இல் ஆப்பிள் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது; சில மாதங்களில் சாம்சங்கும் எடுத்தது.

காரணம் வெளிப்படை. பெரும்பாலோரிடம் கைப்பேசி வந்துவிட்ட பின், புதிய கருவிக்கு முதற்பகை நம் சட்டைப்பையிலுள்ள பழைய கருவியே. அது நீடித்து உழைத்தால் எல்லா நிறுவனங்களுக்கும் இழப்பு. மின்கலம் நலிந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள்வழி மட்டுப்படுத்தியதை 2017இல் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கமும் தந்தது. ஆனால் புதிய மின்கலம் பொருத்தியதும் அவற்றின் வேகம் மீண்டது. புதுக் கைப்பேசி வாங்கத் தேவையே இருக்கவில்லை!

இழந்தவற்றுள் சிலவற்றை மீட்டுத் தருவது சட்டமே. எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே வகை மின்னேற்று இணைப்பை ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதி முதல் கட்டாயமாக்கியது. ஒரு வகைக் கைப்பேசியின் விற்பனை நின்ற பின்னும் ஏழாண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

அழகிய பொருளை விழைவது மனித இயல்பு. அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. இத்தகைய கட்டாயம் நம் நாட்டிலும் வர வேண்டும் என்பதே நம் வாதம். அதுவரை, புதிய கருவியில் என்ன புதுமை என்று வினவும்போதே, மின்கலம் மாற்ற என்ன செலவாகும், உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்றும் கடைக்காரரிடம் கேட்டுப் பழகுவோம்.